உரோமாபுரியின் வெள்ளிக் காசுகள்

‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். கடைத்தெருவில் கைமாறும் காசினை நாணயம் என்பர். கொடுத்த சொல்லைக் காக்கும் நேர்மையையும் நாணயம் என்பர். ஒருவரை ‘நாணயமானவர்’ என்று ஊரார் கூறுவராயின், அதனினும் சிறந்த பாராட்டு வணிகர்க்கு வேறு இல்லை. காசும் நேர்மையும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது மிகவும் பொருத்தமே. காசினைப் பெறுவோர் அதனை அடித்து வெளியிட்ட அரசை நம்பியே பெறுகின்றனர். அந்நம்பிக்கை போய்விட்டால் காசு வெறும் உலோகத் துண்டே ஆகும்.

இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றைப் பிளினி என்னும் உரோமானிய அறிஞர் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். கி.பி. முதல் நூற்றாண்டில், செங்கடல் பகுதியில் வரி தண்டும் உரிமையை உரோமானிய அரசிடமிருந்து பெற்றிருந்தவர் அன்னியஸ் புளோகாமஸ் என்பவர். அடிமைத்தளையினின்று விடுதலை பெற்ற அவருடைய பணியாளர் ஒருவர், அரேபியக் கரையோரமாகக் கப்பலில் சென்றபோது பெருங்காற்றில் சிக்கினார். காற்று அக்கப்பலை நெடுந்தொலைவு அடித்துச் சென்றது. பதினைந்தாம் நாள் அவர் இலங்கைத் தீவின் துறைமுகம் ஒன்றை அடைந்தார். அத்தீவின் அரசர் அவரை அன்புடன் வரவேற்று ஆறு திங்கள் உபசரித்தார். அவரும் நாட்டு மொழியைக் கற்றுக்கொண்டு, அரசர் கேட்ட வினாக்களுக்கு விடை கூறிவந்தார்.

உரோமரைப் பற்றி அவர் கூறியவை பல. ஆயினும் அரசரின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை அவர் கொண்டுவந்த வெள்ளிக் காசுகளே. அக்காசுகளில் வெவ்வேறு முகங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. ஆதலின் அவை வெவ்வேறு மன்னர் காலத்தில் வெளிவந்தவை என்பது விளங்கியது. ஆனால், எடையில் அவை யாவும் ஒத்திருந்தன. மன்னர் மாறியும் எடை மாறாத அந்நேர்மையைக் கண்டு அரசர் வியந்தார். அத்தகைய மக்களின் நட்பை விரும்பி, நான்கு தூதரை உரோமாபுரிக்கு அனுப்பினார். கிளாடியஸ் என்னும் பேரரசர் ஆண்ட காலத்தில் (கி.பி. 41-54) இத்தூது சென்றதாகப் பிளினி கூறுகிறார்.

அவ்வரசர் காசின் முகத்தையும் பார்த்தார், எடையையும் பார்த்தார். உரோமரின் வெள்ளிக் காசை அறிய விரும்புவோர் செய்ய வேண்டுவனவும் இவ்விரண்டே. காசின்மேல் உள்ள உருவங்கள், ஆட்சியாளர் மக்களுக்குச் சொல்ல விரும்பியவற்றைச் சொல்கின்றன. காசில் உள்ள வெள்ளியோ, அவர்கள் சொல்ல விரும்பாதவற்றையும் சொல்லிவிடுகின்றது.

தெனாரியஸின் தோற்றம்

உரோமர் தொடக்கத்தில் வெண்கலத்தையே பணமாக வழங்கினர். பிறகு, தென் இத்தாலியில் குடியேறி வாழ்ந்த கிரேக்கரைப் பின்பற்றி வெள்ளிக் காசுகளையும் வெளியிடலாயினர். கி.மு. 218இல் கார்த்தேஜ் நாட்டுப் படைத்தலைவராகிய ஹானிபால் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியினுள் புகுந்தார். உரோமர் பல போர்களில் தோற்றனர். போர்ச் செலவு மிகுந்தது, கருவூலம் வறண்டது, பழைய காசுகளின் எடையும் மாற்றும் குறைந்தன. இவ்விடுக்கணுக்கிடையே, கி.மு. 211ஐ ஒட்டி உரோமர் புதியதொரு வெள்ளிக் காசை அடித்தனர். அதுவே தெனாரியஸ் என்பதாகும்.

சிசிலித் தீவில் உள்ள மார்கன்டீனா என்னும் நகரம் கி.மு. 211இல் உரோமரால் கைப்பற்றப்பட்டு அழிவுற்றது. அவ்வழிபாடுகளின் அடியில் தெனாரியஸ்கள் கிடைத்தமையால், அக்காசின் காலத்தை அறிஞர் உறுதி செய்ய முடிந்தது. மண்ணில் விழுந்த காசு இவ்வாறு வரலாற்றுக்குச் சான்றாகின்றது.

‘பத்துப் பத்தாக’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து தெனாரியஸ் என்னும் பெயர் பிறந்தது. ‘ஆஸ்’ என்னும் வெண்கலக் காசு பத்துக்கு அஃது ஈடாக இருந்தது. ஆதலின், பத்தைக் குறிக்கும் பெருக்கற்குறி போன்ற உரோமானிய இலக்கம் அதன்மேல் பொறிக்கப்பட்டது. கி.மு. 141ஐ ஒட்டி ஒரு தெனாரியஸின் மதிப்புப் பதினாறு ஆஸ் என உயர்த்தப்பட்ட பின்னும் பழைய பெயரே நிலைத்தது. தொடக்கத்தில் ஓர் உரோமானிய ராத்தல் வெள்ளியில் 72 காசுகள் அடித்தனர். சில ஆண்டுகளில் அது 84 ஆயிற்று. அதன்படி ஒரு காசின் எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகும். ஏறத்தாழ 250 ஆண்டுகள் இவ்வளவு பெரிதும் மாறாமல் நின்றது. இலங்கை அரசர் வியந்து பாராட்டிய நேர்மை இதுவே.

முதல் தெனாரியஸின் தலைப்பக்கத்தில், சிறகு பொருந்திய தலைச்சீரா அணிந்த பெண்ணின் தலை காணப்படுகிறது. அஃது உரோமாபுரியையே பெண் தெய்வமாகக் காட்டிய வடிவம் ஆகும். பின்பக்கத்தில் இரு வீரர் ஈட்டி ஏந்திக் குதிரைமேல் விரைகின்றனர். அவர்கள் காஸ்டர், போலக்ஸ் என்னும் இரட்டைத் தெய்வங்கள். அவர்தம் தலைக்கு மேல் விண்மீன்கள் ஒளிர்கின்றன. கீழே ‘ரோமா’ என்னும் பெயர் உள்ளது. முற்காலத்தில் ரெஜில்லஸ் ஏரிக்கரையில் நடந்த போரில் இவ்விருவரும் உரோமர் பக்கம் நின்று பொருதனர் என்பது அந்நாட்டார் வழங்கிய பழங்கதை. ஹானிபாலுக்கு அஞ்சி நாடு நடுங்கிய காலத்தில் இவ்வுருவங்கள் காசில் ஏறின. தெய்வத்துணை இன்னும் உண்டு என்று அக்காசு ஒவ்வொருவர் கையிலும் இருந்து தேறுதல் கூறியது போலும்!

காசு அடித்த முறை

உரோமாபுரியின் கேப்பிடோல் குன்றில் ஜூனோ மொனேட்டா என்னும் பெண் தெய்வத்தின் கோயில் இருந்தது. அதனை அடுத்தே அக்கசாலை அமைந்திருந்தது. பணத்தையும் அக்கசாலையையும் குறிக்கும் ‘மனி’, ‘மின்ட்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் ‘மொனேட்டா’ என்னும் இப்பெயரின் வழிவந்தவை.

அக்காலத்தில் காசு அடிக்கும் பொறிகள் இல்லை. கைவினைஞரின் தோள்வலியே பொறியாக இருந்தது. முதலில், கடினமான உலோகத்தில் உருவங்களைக் குழிவாகச் செதுக்கி இரண்டு அச்சுகளை அமைத்தனர். காசில் நேராகத் தோன்ற வேண்டிய எழுத்துகளை அச்சில் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். ஒரு விரல்நுனி அளவேயுள்ள பரப்பில் முகத்தின் சுருக்கம், முடியின் சுருள், குதிரையின் கால் ஆகியவற்றைச் செதுக்கிய அக்கலைஞரின் பெயரை வரலாறு காத்துவைக்கவில்லை. கீழ் அச்சைப் பட்டடையில் பதித்து, எடை பார்த்த வெள்ளி வில்லையைக் குறட்டால் பற்றி அதன்மேல் வைப்பர். அதன்மேல் இரண்டாம் அச்சை நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஒரே அடியில் இரு பக்கமும் உருவம் பதியும். அடி சற்றே விலகினால் உருவமும் ஓரம் சாயும். ஆதலால், ஒரே அச்சில் அடித்த காசுகளிலும் இரண்டு முழுதும் ஒத்திருத்தல் அரிது.

இத்தொழிலைக் காசே படம் பிடித்துக் காட்டுகிறது. கி.மு. 46இல் டைட்டஸ் கரிசியஸ் என்னும் அதிகாரி வெளியிட்ட தெனாரியஸ் ஒன்றின் தலைப்பக்கத்தில் மொனேட்டா தெய்வத்தின் முகமும், பின்பக்கத்தில் பட்டடை, சம்மட்டி, குறடு முதலிய கருவிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. காசு தான் பிறந்த கதையைத் தானே கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது.

கள்ளக்காசும் அன்றே இருந்தது. செம்பு வில்லையின்மேல் மெல்லிய வெள்ளித் தகடு போர்த்து, அதனை நற்காசு போல அடித்து ஏமாற்றுவோர் இருந்தனர். ஆதலின், காசுகளை நோட்டம் பார்ப்போர் அவற்றில் சிறு வெட்டோ முத்திரையோ இட்டு உள்ளீட்டை ஆராய்ந்தனர். பண்டைத் தமிழகத்திலும் இத்தொழில் செய்தோர் உண்டு. அவர்கள் வண்ணக்கர் எனப்பெற்றனர்.

குலப்பெருமை கூறிய காசுகள்

உரோமாபுரி குடியரசாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் அமர்த்தப்பெற்ற மூன்று இளைஞர் அக்கசாலையை மேற்பார்த்தனர். அவர்கள் உயர்குடியில் பிறந்தவர்கள். அரசியல் ஏணியின் முதற்படியில் கால் வைத்தவர்கள். மேலும் உயர்ந்த பதவிகளைப் பெற மக்களின் வாக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. காலப்போக்கில் அவர்கள் நகரத்தின் பொதுச் சின்னங்களை விடுத்து, தம் முன்னோரின் புகழைக் காசில் பொறிக்கலாயினர். முன்னோர் வென்ற போர், கட்டிய கோயில், அமைத்த நீர்க்கால்வாய் ஆகிய யாவும் காசுகளில் இடம்பெற்றன.

செய்தித்தாளும் வானொலியும் இல்லாத காலம் அது. நாட்டின் எல்லை வரை சென்று, படித்தவர்க்கும் படியாதவர்க்கும் ஒருங்கே செய்தி சொல்லும் பொருள் காசைவிட வேறு எதுவும் இல்லை. அகஸ்டஸ் காலத்தில் ஒரு காலாட்படை வீரர் ஆண்டுக்கு 225 தெனாரியஸ் ஊதியம் பெற்றார். அத்தனை முறையும் ஆட்சியாளரின் செய்தி அவ்வீரரின் கையில் வந்து சேர்ந்தது எனலாம்.

கி.மு. 54இல் அக்கசாலை அதிகாரியாக இருந்த இளைஞர்களுள் ஒருவர் மார்க்கஸ் புரூட்டஸ். அவர் வெளியிட்ட காசு ஒன்றின் தலைப்பக்கத்தில் ‘விடுதலை’ என்னும் தெய்வத்தின் முகம் உள்ளது. பின்பக்கத்தில், கொடுங்கோல் மன்னரைத் துரத்திக் குடியரசை நிறுவியவராகப் போற்றப்பெறும் லூசியஸ் புரூட்டஸ் தம் ஏவலர் சூழ நடந்து செல்கிறார். அவரே தம் குலமுதல்வர் என்று மார்க்கஸ் புரூட்டஸ் பெருமை பாராட்டினார். தனி ஒருவரின் ஆட்சியை உரோமர் பொறார் என்பதே அக்காசின் கருத்து. பத்தாண்டுகளுக்குப் பின் நிகழவிருந்ததற்கு அது முன்னறிவிப்புப் போல அமைந்தது.

சீசரும் புரூட்டஸும்

கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்து தம் நாட்டினுள்ளேயே படையுடன் புகுந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. படைவீரர்க்கு ஊதியம் அளிக்கச் சீசர் பெருந்தொகையான தெனாரியஸ்களை அடித்தார். அவற்றில் ஒருவகைக் காசு மிகவும் பெயர் பெற்றது. அதன் ஒரு பக்கத்தில் யானை ஒன்று எதிரே நெளியும் பாம்பு போன்ற உருவத்தை மிதிக்கிறது. அதன் கீழே ‘சீசர்’ என்னும் ஒரே சொல் உள்ளது. மறுபக்கத்தில் வேள்விக்கு உரிய கருவிகள் உள்ளன. சீசர் நாட்டின் தலைமைக் குருவாகவும் இருந்தமையை அவை காட்டுகின்றன. வலிமையும் தெய்வத்தின் அருளும் தம் பக்கமே என்பதை ஒரு சிறு காசில் அவர் அடக்கிவிட்டார்.

எனினும், அதுகாறும் உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தை உரோமாபுரியின் அக்கசாலை காசில் பொறித்ததில்லை. தெய்வங்களுக்கும் இறந்த முன்னோர்க்குமே அச்சிறப்பு உரியதாக இருந்தது. கி.மு. 44இன் தொடக்கத்தில் அவ்வழக்கம் உடைந்தது. வெற்றி மாலை சூடிய சீசரின் முகம், மெலிந்த கழுத்தும் சுருங்கிய தோலுமாகத் தெனாரியஸில் தோன்றியது. வாழ்நாள் முழுமைக்கும் அவர் சர்வாதிகாரி என்று அதன் எழுத்துகள் கூறின. உரோமர் பலர் இதனைக் கண்டு மனம் கொதித்தனர். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், ஆட்சி மன்றத்தில் சீசர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர்களுள் தலைமையாக நின்றவர் மார்க்கஸ் புரூட்டஸ்.

கி.மு. 42இல் கிழக்கு நாடுகளில் படை திரட்டிய புரூட்டஸ் தெனாரியஸ் ஒன்றை வெளியிட்டார். அதன் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள் உள்ளன. அவற்றின் நடுவே ஒரு குல்லாய் உள்ளது. அடிமைகள் விடுதலை பெறும்போது அணியும் குல்லாய் அது. கீழே மார்ச்சு 15ஆம் நாளைக் குறிக்கும் சொற்கள் உள்ளன. ‘இவ்வாள்களால் இந்நாளில் நாட்டை விடுவித்தோம்’ என்பது அதன் பொருள். எழுத்தறியாத போர்வீரர்க்கும் அது விளங்கியிருக்கும்.

ஆனால் அக்காசைத் திருப்பிப் பார்த்தால் வியப்பே விளையும். தலைப்பக்கத்தில் இருப்பது விடுதலைத் தெய்வத்தின் முகம் அன்று, புரூட்டஸின் முகமே! தம் முகத்தைக் காசில் பொறித்த ஒருவரைக் கொன்றவர், இரண்டே ஆண்டுகளில் தம் முகத்தைக் காசில் பொறித்தார். அவ்வாண்டிலேயே பிலிப்பி என்னுமிடத்தில் நடந்த போரில் தோற்றுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பின் உரோமாபுரியின் காசில் ஆட்சியாளரின் முகம் நிலைபெற்றுவிட்டது. குடியரசு மறைந்து முடியாட்சி வந்ததை நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைக்கும். அந்த ஒரு காசோ இரண்டே பக்கங்களில் அதனைக் காட்டுகிறது.

பேரரசரின் காசுகள்

சீசரின் வளர்ப்பு மகனாகிய ஆக்டேவியன் தம் பகைவரை எல்லாம் வென்றார். கி.மு. 27இல் அகஸ்டஸ் என்னும் சிறப்புப் பெயரும் பெற்றார். காசின் ஆற்றலை அவரினும் நன்கு அறிந்தவர் இலர். எகிப்தை வென்றபின் கி.மு. 28இல் அவர் வெளியிட்ட தெனாரியஸில் முதலை ஒன்று காணப்படுகிறது. ‘எகிப்து கைப்பற்றப்பட்டது’ என்னும் பொருள்படும் சொற்கள் அதனுடன் உள்ளன. நைல் ஆற்றின் நாட்டைக் காட்ட முதலை ஒன்றே போதும் அன்றோ! சீசர் இறந்த ஆண்டில் வானில் வால்மீன் ஒன்று தோன்றியது. அது விண்ணேறிய சீசரின் உயிர் என மக்கள் நம்பினர். பிற்காலத்தில் அகஸ்டஸ் அவ்வால்மீனையும் காசில் பொறித்தார். தெய்வமாகிவிட்ட ஒருவரின் மகன் தாம் என்பதை மக்கள் மறவாதிருக்க அது பயன்பட்டது.

கி.மு. 2 முதல், இன்று பிரான்சு நாட்டில் லியோன் எனப்படும் நகரின் அக்கசாலை வேறொரு வகைக் காசை அடித்தது. அதன் பின்பக்கத்தில் இரு இளைஞர் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கின்றனர். அவர்கள் அகஸ்டஸின் பேரர்களாகிய கையஸும் லூசியஸும் ஆவர். தமக்குப் பின் நாட்டை ஆள்வர் என்று அவர்களை அகஸ்டஸ் மகன்மையாக ஏற்றிருந்தார். ஆனால், கி.பி. 2இல் லூசியஸும் கி.பி. 4இல் கையஸும் இளமையிலேயே இறந்தனர். பாட்டனாரின் நம்பிக்கை வீணாயிற்று. அந்நம்பிக்கையைத் தாங்கிய காசுகளோ கடல் கடந்து உலகெங்கும் உலவின.

அகஸ்டஸுக்குப் பின் பட்டம் பெற்ற திபேரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டார். அவர் காலம் முழுவதும் பெரும்பாலும் ஒரேவகைத் தெனாரியஸே வெளிவந்தது. தலைப்பக்கத்தில் பேரரசரின் முகமும், பின்பக்கத்தில் செங்கோலும் இலைக்கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவமும் அதில் உள்ளன.

உருவங்களின் மொழி

பிற்காலப் பேரரசர்கள் நற்பண்புகளையும் நல்வாழ்வையும் பெண் வடிவங்களாக்கிக் காசுகளில் அமைத்தனர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. ஆலிவ் மரக்கிளையை ஏந்தியவள் அமைதி. சிறகுகளோடு மாலை ஏந்தி வருபவள் வெற்றி. கதிர்களைக் கையில் ஏந்தி, அருகே மரக்காலோ கப்பலின் முகப்போ விளங்க நிற்பவள் தானியக் காப்பு. ஒரு கையில் துலாக்கோலும், மறு கையில் கனிகள் நிரம்பி வழியும் கொம்பும் கொண்டவள் நடுநிலை. இவ்வடையாளங்களை அறிந்தவர்க்கு எழுத்தின் துணை வேண்டுவதில்லை.

கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட ஹேட்ரியன் தம் பேரரசின் நாடுகளை எல்லாம் சுற்றிப் பார்த்தவர். அந்நாடுகளையும் அவர் காசில் பெண்களாகக் காட்டினார். ஸ்பெயின் ஆலிவ் கிளையோடும் முயலோடும் சாய்ந்திருக்கிறாள். ஆப்பிரிக்கா யானைத்தலை போன்ற முடி அணிந்து, கையில் தேள் ஒன்றை ஏந்தியுள்ளாள். எகிப்தின் அருகே அரிவாள்மூக்கன் என்னும் பறவை நிற்கிறது. இக்காசுகளை வரிசையாக வைத்தால் பேரரசின் நிலப்படம் ஒன்று கண்முன் விரியும்.

ஆயினும் இவ்வுருவங்கள் கூறுவது ஆள்வோரின் கூற்றே என்பதை மறத்தலாகாது. கி.பி. 70இல் உரோமர் எருசலேம் நகரைக் கைப்பற்றிக் கோயிலை இடித்தனர். வெஸ்பாசியன் என்னும் பேரரசர் வெளியிட்ட காசில், யூதேயா நாடு கையில் தலை சாய்த்துத் தரையில் அமர்ந்து அழும் பெண்ணாகக் காட்டப்பட்டுள்ளது. வென்றவர்க்கு அவ்வுருவம் பெருமை தந்தது. தோற்றவர் கையில் அதே காசு விழுந்தபோது அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! ஒரே உருவம் ஒருவருக்கு வெற்றியாகவும் மற்றொருவருக்கு வேதனையாகவும் விளங்குதல் உண்டு.

வெள்ளி சொன்ன உண்மை

காசின் முகத்தை ஆட்சியாளர் விரும்பியவாறு அமைக்கலாம். அதன் வெள்ளியை அவ்வாறு மறைத்தல் எளிதன்று. கி.மு. 32, 31ஆம் ஆண்டுகளில் மார்க் அந்தோணி தம் படைகளுக்காகக் கப்பலும் கழுகுக் கொடியும் பொறித்த தெனாரியஸ்களை அடித்தார். அவற்றில் வெள்ளியின் மாற்றுக் குறைவு. ஆதலால் அவற்றை எவரும் சேமித்து வைக்க விரும்பவில்லை. கையில் கிடைத்தவுடன் செலவிட்டனர். இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவை தேய்ந்து மழுங்கி வழக்கில் இருந்தன.

கி.பி. 64இல் உரோமாபுரியில் பெருந்தீ மூண்டது. அவ்வாண்டை ஒட்டி நீரோ மன்னர் தெனாரியஸின் எடையைக் குறைத்தார். ஒரு ராத்தலில் 84 காசுகளுக்கு மாறாக 96 காசுகள் அடிக்கப்பட்டன. வெள்ளியோடு செம்பும் மிகுதியாகக் கலக்கப்பட்டது. இலங்கைத் தூதர் சென்று மீண்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது. பின்வந்தோர் சிலர் சற்றே திருத்தினர். பலர் மேலும் குறைத்தனர். செப்டிமியஸ் செவரஸ் ஆண்ட காலத்தில் (கி.பி. 193-211) படையின் ஊதியம் உயர்ந்தது, தெனாரியஸில் வெள்ளி ஏறத்தாழ பாதியாயிற்று. கி.பி. 215இல் கரகல்லா புதிய பெருங்காசு ஒன்றை வெளியிட்டார். கதிர்முடி சூடிய அக்காசு இரண்டு தெனாரியஸுக்கு ஈடாக வழங்கியது என்பர் அறிஞர். அதில் இருந்த வெள்ளியோ ஒன்றரைத் தெனாரியஸுக்கும் மேற்படவில்லை.

கள்ளம் ஒருமுறை புகுந்தால் அதனைத் தடுத்தல் அரிது. மக்கள் பழைய நற்காசுகளைப் பானையில் இட்டுப் புதைத்தனர். புதிய காசுகளையே செலவிட்டனர். அரசுக்கு வரியாக வந்தவையும் அத்தீய காசுகளே. மேலும் மேலும் காசு அடிக்க வேண்டியதாயிற்று. விலைகள் ஏறின. கி.பி. 260இல் வலேரியன் என்னும் பேரரசர் பாரசீகரிடம் சிறைப்பட்டார். அவர் மகன் காலியனஸ் தனியே ஆண்ட காலத்தில் (கி.பி. 260-268) வெள்ளிக் காசு பெயரளவில்தான் வெள்ளியாக இருந்தது. அதன் இறுதியில் நூற்றில் ஐந்து பங்கு வெள்ளியும் அதில் இல்லை. மேலே பூசியதுபோல் இருந்த வெண்மை சில நாளில் தேய்ந்து செம்பு பல்லிளித்தது.

அக்காசுகளின் உருவங்களை நோக்கினால் துயரமே மிகும். நாடெங்கும் போர் நடந்த காலத்தில் அவற்றில் அமைதித் தெய்வம் ஆலிவ் கிளையை நீட்டியது. விளைவு குன்றிய காலத்தில் வளமைத் தெய்வம் கொம்பினின்று செல்வத்தைச் சொரிந்தது. எடையும் மாற்றும் கெட்ட அக்காசின்மீதே நடுநிலைத் தெய்வம் துலாக்கோலை ஏந்தி நின்றது. வாய்மை உள்ளளவும் உருவத்திற்கு மதிப்பு உண்டு; வாய்மை நீங்கியபின் உருவம் எத்துணை அழகியதாயினும் எவரும் நம்பார். பின்னர் டயோக்ளீஷியன் கி.பி. 294ஐ ஒட்டி நல்ல வெள்ளிக் காசை மீண்டும் அடித்தார், கி.பி. 301இல் பொருள்களுக்கு உச்ச விலையும் விதித்தார். ஆணையால் விலையைக் கட்ட இயலவில்லை. இழந்த நம்பிக்கையையும் எளிதில் மீட்க இயலவில்லை.

தமிழ்நாட்டில் உரோமக் காசு

தெனாரியஸின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. உரோமர் மிளகையும் முத்தையும் மெல்லிய ஆடையையும் விரும்பி வாங்கினர். அதன்பொருட்டு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குச் செல்வதாகப் பிளினி வருந்தி எழுதினார். நான்கு செஸ்டர்ஸ் கொண்டது ஒரு தெனாரியஸ். எனவே அத்தொகை ஒன்றேகால் கோடித் தெனாரியஸுக்கு ஈடாகும்.

கொங்கு நாட்டில் உரோமரின் வெள்ளிக் காசுகள் புதையலாகப் பன்முறை கிடைத்துள்ளன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தெனாரியஸ்கள் கிடைத்தன. பூதிநத்தத்தில் கிடைத்த புதையலில் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்டவை இருந்தன. இப்புதையல்களில் மிகுதியாகக் காணப்படுபவை அகஸ்டஸின் பேரர்கள் நிற்கும் காசும், திபேரியஸின் அமர்ந்த பெண்ணுருவக் காசுமே ஆகும். நீரோ எடையைக் குறைத்தபின் வெளிவந்த வெள்ளிக் காசுகள் மிகச் சிலவே.

இதன் காரணத்தை உணர்தல் எளிது. காசில் இருந்த மன்னர் யார், அவர் வென்ற நாடு எது என்பன நம் நாட்டு வணிகர்க்குப் பொருட்டல்ல. வெள்ளியின் எடையும் மாற்றுமே அவர்களுக்கு வேண்டியவை. எனவே, நல்லவை என்று நெடுங்காலம் பெயர்பெற்ற காசுகளையே அவர்கள் ஏற்றனர் என்று அறிஞர் கருதுவர். உரோமானியப் பேரரசின் வடக்கே வாழ்ந்த ஜெர்மானியரும் அவ்வாறே செய்தனர். விளிம்பில் பல்போல வெட்டப்பட்ட பழங்காசுகளையும் இருகுதிரைத் தேர் பொறித்த பழங்காசுகளையுமே அவர்கள் விரும்பி ஏற்றதாக டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டாரும் ஒரே முடிவுக்கு வந்தது வியப்பன்று. இரு நாட்டிலும் துலாக்கோல் ஒன்றுபோலவே பேசும்.

தெனாரியஸ் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் அதன் பெயர் அழியவில்லை. மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளின் பணம் இன்றும் ‘தினார்’ என்று வழங்குகிறது. இங்கிலாந்தில் பென்னி என்னும் காசைக் குறிக்கத் தெனாரியஸின் முதலெழுத்தையே 1971 வரை எழுதிவந்தனர்.

அருங்காட்சியகத்தில் ஒரு தெனாரியஸைக் காண்போர் முதலில் அதன் முகத்தையே நோக்குவர். அது பேரரசரின் பெருமையைக் கூறும். அடுத்து அதன் பின்பக்கத்தை நோக்குவர். அது வெற்றியையும் அமைதியையும் வளத்தையும் கூறும். அவை யாவும் ஆட்சியாளர் கூறிய சொற்கள். அச்சொற்கள் மெய்யா என அறிய, அன்று இலங்கை அரசர் செய்ததுபோல அக்காசின் எடையையும் நோக்க வேண்டும். எடை குறையாத வரை உரோமரின் காசு அவர்கள் காணாத நாடுகளிலும் மதிக்கப்பெற்றது. எடை குறைந்தபின் அவர்கள் நாட்டிலேயே மதிப்பிழந்தது. காசுக்கு மட்டுமன்றி, அதனை அடிக்கும் அரசுக்கும், அதனைக் கையாளும் மக்களுக்கும் நாணயமே உயிராகும்.